தோட்டம் கண்டு எழுதிவைத்த மரபு: இங்கிலாந்தின் மூன்று நூற்றாண்டுகள்

கலைகளுள் மிக எளிதில் அழிந்துபோகக்கூடியது தோட்டக்கலை. கோயிலும் சிற்பமும் ஆக்கியவர் காலத்துக்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் ஏறத்தாழ அதே வடிவில் நிற்கின்றன; தோட்டமோ அமைத்தவர் கண்ணெதிரிலேயே மாறத் தொடங்குகிறது. நட்ட கன்று மரமாகி நிழல் பரப்பினால் அதன் அடியில் பூத்துவந்த செடிகள் மடிகின்றன. சில பருவங்கள் கத்தரிக்காமல் விட்டால் உயிர்வேலி உருக்குலைகிறது. உடைமை கைமாறினால் தோட்டம் முழுவதுமே மேய்ச்சல் நிலமாகிவிடவும் கூடும். ஆதலால் இக்கலையின் வரலாறு தோட்டம் அமைத்தவர்களின் வரலாறாக மட்டும் இருக்க முடியாது. பிறர் அமைத்த தோட்டங்களைத் தேடிச் சென்று, எந்தச் செடி எதன் அருகில் நின்றது, நீர் எங்கிருந்து கொண்டுவரப்பட்டது, பராமரிப்பில் எத்தனை பேர் உழைத்தார்கள் என்றெல்லாம் எழுதிவைத்தவர்களுக்கும் அதில் உரிய பங்கு உண்டு. தனிமனிதர் சிலரின் ஆர்வமாகத் தொடங்கிய இந்த வழக்கம், வழிகாட்டி நூல், பயணக் குறிப்பு, தொழில் இதழ், பொதுமக்கள் வருகை எனப் படிப்படியாக விரிந்து நிலைத்த மரபாக வளர்ந்ததை இங்கிலாந்தில் தெளிவாகக் காணலாம்.

அங்கே இதன் தொடக்கத்தை 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் எவ்லினின் நாட்குறிப்பில் பார்க்கலாம். உள்நாட்டுப் போர் நடந்த 1640-களில் பிரான்சிலும் இத்தாலியிலும் பயணம் செய்த எவ்லின், ரோமுக்கு அருகிலுள்ள தீவொலியில் எஸ்தே மாளிகையின் நீரூற்றுகள் உள்ளிட்ட பல தோட்டங்களைக் கண்டு எழுதினார். நாடு திரும்பி, தேம்ஸ் ஆற்றை ஒட்டிய டெட்ஃபோர்டில் சேய்ஸ் கோர்ட் என்னும் தம் வீட்டுத் தோட்டத்தை அமைத்தபோது, பாரிஸ் நகரில் பியேர் மொரேன் என்னும் செடி வளர்ப்பாளரிடம் தாம் கண்ட முட்டை வடிவத் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டார். ஓரிடத்தில் கண்டதை மனத்தில் பதித்து மற்றோரிடத்தில் மண்ணில் நட்டுப் பார்க்கும் முறைக்கு இது தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று. அந்நூற்றாண்டின் இறுதியில் குதிரை மீதேறி இங்கிலாந்தின் பெரும்பகுதியைச் சுற்றிவந்த சீலியா ஃபீன்ஸ் என்னும் பெண்மணியும் தாம் கண்ட மாளிகைத் தோட்டங்களை விரிவாக எழுதினார். சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில், செம்பினால் செய்து இயற்கை மரம் போலவே தோன்றுமாறு அமைத்த ஒரு வில்லோ மரம் நின்றதையும், மடையைத் திறந்தவுடன் அதன் இலைதோறும் கிளைதோறும் நீர் மழையாகச் சொரிந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். வியப்பை மட்டும் சொல்லி நிறுத்தாமல் அந்த வியப்பை உண்டாக்கிய பொறியையும் சொன்னது அவர் குறிப்பின் சிறப்பு.

18-ஆம் நூற்றாண்டில் தோட்டத்தின் வடிவமே மாறியது. நேர்கோட்டுப் பாதைகளும், வடிவியல் ஒழுங்கில் அமைந்த பாத்திகளும், கூம்பாகவும் உருண்டையாகவும் கத்தரித்த யூ மரங்களும் கொண்ட பழைய அமைப்புக்கு மாறாக, வளைந்து செல்லும் நீர்ப்பரப்பும், ஏறி இறங்கும் புல்தரையும், இடைவிட்டு நிற்கும் மரக்கூட்டங்களும் கொண்டு இயற்கை நிலம் போலவே தோன்றும் நிலக்காட்சித் தோட்டம் உருவாயிற்று. இந்த மாற்றத்துக்குத் துணைநின்ற உத்திகளுள் முதன்மையானது ‘ஹா-ஹா’ எனப்படும் மறைபள்ளம். தோட்டத்தின் எல்லையில் பள்ளம் தோண்டி, உட்புறத்தில் செங்குத்துச் சுவர் எழுப்பி, வெளிப்புறத்தைச் சரிவாக விடுவார்கள். ஆடுமாடுகள் உள்ளே ஏற முடியாது, ஆனால் மாளிகையிலிருந்து பார்ப்பவருக்கு வேலி எதுவும் தெரியாமல் தோட்டமும் அப்பாலுள்ள வயல்வெளியும் ஒரே நிலமாகத் தோன்றும்.

இப்புதிய பாணியின் பெரும் பள்ளியாக விளங்கியது பக்கிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள ஸ்டோ. கோபம் பிரபுவின் உடைமையான அத்தோட்டத்தில் சார்ல்ஸ் பிரிட்ஜ்மேனும் வில்லியம் கென்டும் அடுத்தடுத்துப் பணிபுரிந்தனர். 1741-இல் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்த லான்சலாட் பிரவுன், பின்னர் நாடெங்கும் பூங்காக்கள் அமைத்துப் புகழ்பெற்றார். பார்க்க வருவோர் தங்குவதற்கென்றே 1717-இல் அங்கே ஒரு விடுதி கட்டப்பட்டது. 1744-இல் பென்டன் சீலி என்னும் பக்கிங்ஹாம் நகரத்தவர் ஸ்டோ தோட்டத்தை விவரித்து வெளியிட்ட சிறுநூல், ஆங்கிலத்தில் ஒரு தோட்டத்துக்கென்றே எழுந்த முதல் வழிகாட்டி நூலாகக் கருதப்படுகிறது; திருத்திய பதிப்புகள் பல வந்து அது பல தலைமுறை விற்பனையாயிற்று. இத்தகைய நூலுக்கு அங்கே உண்மையான தேவை இருந்தது. ஏனெனில் ஸ்டோ ஒரே பார்வையில் அடங்கும் தோட்டமன்று. நடந்து செல்லும் வரிசையில் ஒவ்வொன்றாகப் பொருள் விரியுமாறு அமைந்தது. பண்டைக் கிரேக்கச் சான்றோருக்கு எழுப்பிய வட்டக் கோயிலிலிருந்து ஓடைக்கு அப்பால் நோக்கினால், அரை வளையமாக அமைந்த மண்டபத்தில் பிரித்தானியச் சான்றோர் 16 பேரின் மார்பளவுச் சிலைகள் தெரியும். முன்னோரின் பெருமையைக் காட்டித் தம் காலத்து ஆட்சியாளரின் சிறுமையை உணர்த்துவது கோபம் பிரபுவின் நோக்கம். கல்வெட்டுகளையும் சிலைகளின் அடையாளத்தையும் விளக்கிச் சொல்லும் நூல் கையில் இல்லாதவருக்கு அந்த நோக்கம் எளிதில் புலப்பட்டிராது.

பார்வையாளர் பெருகவே, பார்க்கும் முறைக்கும் ஒழுங்குகள் தோன்றின. நாகரிகமாக உடுத்தி வந்தவர்களை மாளிகையின் பணியாளரோ தோட்டக்காரரோ சுற்றிக் காட்டி அன்பளிப்புப் பெறுவது பொது வழக்கமாயிற்று. ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையின் உரிமையாளரும் நவீனத் தோட்டக்கலையின் வரலாற்றை எழுதியவருமான ஹொரேஸ் வால்போல், நாளொன்றுக்கு ஒரு குழுவாக நான்கு பேர் மட்டுமே வரலாம், குழந்தைகளை அழைத்து வரக்கூடாது என்று விதிகளை அச்சிட்டே வழங்கினார். ஏழை எளியவர்க்கு இக்கதவுகள் திறக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டம் காணல் அன்று ஓய்வும் பணமும் உடையவர்களின் கல்வியாகவே இருந்தது.

அக்கல்விக்கு இலக்கணம் வகுத்தது, தாமஸ் வேட்லி 1770-இல் வெளியிட்ட நவீனத் தோட்டக்கலை பற்றிய நூல். நிலம், மரம், நீர், பாறை, கட்டடம் என்று தோட்டத்தின் உறுப்புகளைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் காட்சியில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதை உண்மையான தோட்டங்களை எடுத்துக்காட்டி அவர் ஆராய்ந்தார். மறு ஆண்டே பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்ட அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு 1786 ஏப்ரலில் இங்கிலாந்தின் தோட்டங்களைச் சுற்றிவந்தவர், அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன். லண்டனில் தூதராக இருந்த ஜான் ஆடம்ஸ் பயணத்தின் பிற்பகுதியில் அவருடன் சேர்ந்துகொண்டார். பின்னாளில் இருவருமே அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் ஆனார்கள்.

ஜெஃபர்சன் எழுதிவைத்த குறிப்புகள் இம்மரபின் உச்சங்களுள் ஒன்று. வேட்லி ஏற்கெனவே வருணித்தவற்றை அவர் திரும்ப வருணிக்கவில்லை. இந்தப் பாணியில் ஒரு தோட்டத்தை உண்டாக்கவும் பேணவும் என்ன செலவாகும் என்பதை மதிப்பிட உதவும் செய்திகளையே திரட்டினார். பிளெனிம் மாளிகையின் 2,500 ஏக்கர் நிலத்தில் தோட்டம் 200 ஏக்கர், நீர்ப்பரப்பு 150 ஏக்கர், காய்கறித் தோட்டம் 12 ஏக்கர் என்று பகுத்து எழுதிய அவர், மொத்தம் 200 பேர் அங்கே வேலை செய்ததையும், அவர்களுள் 50 பேர் அளவில் உலாத் தோட்டத்துக்கே அமர்த்தப்பட்டிருந்ததையும், பத்து நாளுக்கு ஒருமுறை புல் வெட்டப்பட்டதையும் குறித்தார். புல்வெட்டும் பொறிக்கு 1830-இல்தான் காப்புரிமை பெறப்பட்டது. அதற்கு முன் இத்தனை பெரிய புல்தரையும் நீள்கைப்பிடி அரிவாளால் கையாலேயே அறுக்கப்பட்டது என்பதை நினைத்தால், இந்த எண்களின் பொருள் விளங்கும். ஸ்டோவில் 15 ஆட்களும் 18 சிறுவர்களும் உழைத்ததையும், வோட்டன் என்னுமிடத்தில் 72 ஏக்கர் நீர்ப்பரப்பு ஐந்தைந்து அடி இறக்கத்தில் படிப்படியாக விழுந்ததையும், அங்கே இரண்டே பேர் வேலை செய்ததால் தோட்டம் கவனிப்பின்றிக் கிடந்ததையும் ஒரே சீராக அவர் பதிவு செய்தார்.

கணக்கெழுதிய அதே கை வடிவமைப்பின் நுட்பத்தையும் எழுதியது. ஸ்டோவில் கிரேக்கப் பள்ளத்தாக்கு எனப்படும் பகுதியின் தரை மரமின்றித் திறந்திருக்க, இருபக்க மேடுகளை மட்டும் மரங்கள் மூடியிருப்பதால், ஆழமில்லாத அந்தப் பள்ளம் உண்மையில் இருப்பதைவிட ஆழமாகத் தோன்றுவதை அவர் கண்டுகொண்டார். மேட்டில் நட்டு மேட்டை உயர்த்துவதும் தாழ்வை வெறுமையாக விட்டுத் தாழ்வை ஆழப்படுத்துவதும் இன்றும் வடிவமைப்பாளர் கையாளும் முறை. அதே ஸ்டோவில் நேராக வரும் சாலையும், அதன் முடிவில் நிற்கும் கொரிந்திய வளைவும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வளைவு தொலைவிலுள்ள இனிய காட்சியை மறைக்கும் தடையாகவே நிற்கிறது என்று எழுதினார். பிளெனிமில் மேடாக்கிய முட்டை வடிவப் பாத்திகளில் புதர்ச்செடிகளுக்கிடையே பூச்செடிகள் நடப்பட்டிருந்ததையும், பெயின்ஸ்ஹில் என்னும் தோட்டத்தில் பசுமை மாறா மரங்கள் அளவுக்கு மிஞ்சியிருந்ததையும் குறித்த அவர், கியூ தோட்டத்தில் நீரேற்றும் ஆர்க்கிமிடிஸ் திருகுப் பொறியைப் படமாகவே வரைந்துகொண்டார். ஆண்டுக்கு 300 பவுண்டு வருவாய் மட்டுமே உடைய கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டன், லெசோஸ் என்னும் தம் பண்ணையை அழகுபடுத்திப் பொருளிழந்ததையும் அவர் எழுதத் தவறவில்லை. தோட்டக்கலையில் இங்கிலாந்து உலகெங்கணும் முதலிடம் வகிப்பதாகத் திரும்பி வந்ததும் நண்பருக்கு மனமாரப் பாராட்டிக் கடிதம் எழுதினார். ஆனால் அந்தப் பாராட்டு அவர் அறிவை மறைக்கவில்லை.

இதற்குச் சான்று, இருபது ஆண்டுகளுக்குப் பின் 1806-இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த வில்லியம் ஹாமில்டன் என்பவருக்கு அவர் எழுதிய கடிதம். மேகம் சூழ்ந்த இங்கிலாந்தில் பரந்த புல்தரையும் அங்கங்கே சில மரங்களும் போதும். வர்ஜீனியாவின் கடும் வெயிலிலோ நிழல் இல்லாத தோட்டம் தோட்டமே ஆகாது. ஆதலால் உயர்ந்த மரங்களை நெருக்கமாக நட்டு, அவற்றின் கீழ்க்கிளைகளை மரம் தாங்கும் உயரம் வரை கழித்துவிட்டால், மேலே நிழலும் கீழே திறந்த வெளியின் தோற்றமும் ஒருங்கே கிடைக்கும் என்று அவர் அதில் வாதிட்டார். கண்டதை அப்படியே படியெடுக்காமல், அது எக்காரணத்தால் அழகாயிற்று என்று கேட்டு, அக்காரணத்தைத் தம் மண்ணுக்கும் வானத்துக்கும் பொருத்திப் பார்ப்பதே குறிப்பெடுத்தலின் முழுப்பயன் என்பதை இக்கடிதம் நிறுவுகிறது.

பார்வையாளர் எழுதியவை தோட்டத்தையே மீட்ட கதை பெயின்ஸ்ஹில்லுடையது. சார்ல்ஸ் ஹாமில்டன் 1738 முதல் அங்கே ஏரியும் குகையும் இடிந்த மடத்தின் சாயலில் ஒரு கட்டடமும் அமைத்து, ஜான் பார்ட்ரம் என்னும் அமெரிக்கச் செடி சேகரிப்பாளர் கப்பலில் அனுப்பிய விதைகளிலிருந்து முளைத்த புதிய மரங்களையும் புதர்களையும் நட்டார். கடன் மிகுந்ததால் 1773-இல் அவர் அதை விற்க நேர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நிலம் துண்டாகி விற்கப்பட்டுப் புதர் மண்டிக் கிடந்தது. உள்ளூராட்சி மன்றம் 1980-இல் அதன் பெரும்பகுதியை வாங்க, மறு ஆண்டு அமைந்த அறக்கட்டளை சீரமைப்பைத் தொடங்கியபோது, அகழாய்வுடன் துணைநின்றவை 18-ஆம் நூற்றாண்டுப் பார்வையாளரின் வருணனைகளும் வரைபடங்களுமே. ஃப்ரெட்ரிக் மாக்னுஸ் பைப்பர் என்னும் சுவீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் 1780-ஐ ஒட்டி வரைந்த படங்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தம் நாட்டில் இத்தகைய தோட்டம் அமைப்பதற்காக ஓர் அயலார் கற்றுக்கொண்ட பாடம், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் கற்பித்த தோட்டத்துக்கே உயிர் கொடுத்தது.

19-ஆம் நூற்றாண்டில் இம்மரபு இரு திசைகளில் விரிந்தது. முதலாவது, தோட்டம் பொதுமக்களின் சொத்தாக வேண்டும் என்ற எண்ணம். லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையில் ஜோசஃப் பாக்ஸ்டன் வடிவமைத்து 1847-இல் திறக்கப்பட்ட பர்க்கன்ஹெட் பூங்காவை, 1850-இல் ஊர் சுற்றிவந்த இளம் அமெரிக்க விவசாயி ஃப்ரெட்ரிக் லா ஓம்ஸ்டெட், உள்ளூர் ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் வற்புறுத்தியதால் சென்று பார்த்தார். களிமண் நிலத்தின் நீர் எவ்வாறு வடிக்கப்பட்டது, குளம் தோண்டிய மண்ணைக் கொண்டு மேடுகள் எவ்வாறு எழுப்பப்பட்டன என்பதையும், ஏழைக்கும் செல்வருக்கும் அது ஒருசேர உரியதாக இருந்ததையும் அவர் எழுதினார். எட்டாண்டுகளுக்குப் பின், கால்வெர்ட் வோக்ஸுடன் சேர்ந்து அவர் அளித்த திட்டமே நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இரண்டாவது, தோட்டத் தொழிலாளருக்கான எழுத்து. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் கிளாடியஸ் லௌடன் 1826-இல் தொடங்கிய தோட்டக்காரர் இதழில், நாடெங்கும் தாம் சென்று கண்ட தோட்டங்களைப் பற்றிய குறிப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டார். வலக்கையை இழந்திருந்த அவர், மனைவி ஜேன் துணையுடன் சொல்லச்சொல்ல எழுதுவித்தார். பெரிய மாளிகையின் பூப்பாத்தி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்த அதே கண்ணால், அங்கே வேலை செய்பவரின் கூலி போதுமானதா, குடியிருப்பு ஈரமின்றி இருக்கிறதா என்றும் அவர் பார்த்து, குறையிருந்தால் அச்சில் கண்டித்தார். ஜெஃபர்சன் செலவுக் கணக்காக எண்ணிய ஆட்களை, லௌடன் மனிதராக எண்ணினார் என்பது இம்மரபு அடைந்த அறவளர்ச்சி.

நடவின் நுட்பம் எழுத்தில் முழுமை பெற்றது கெர்ட்ரூட் ஜீக்கிலின் காலத்தில். ஓவியப் பயிற்சி பெற்ற ஜீக்கில், சர்ரே மாவட்டத்தில் மன்ஸ்டெட் வுட் என்னும் தம் இல்லத்தில் 200 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட பூப்பாத்தி ஒன்றை வளர்த்தார். அதன் இரு முனைகளிலும் சாம்பல்நிற இலைச்செடிகளும் நீலம், வெள்ளை, இளமஞ்சள் போன்ற தண்ணிய நிறங்களும். நடுவை நோக்கி வரவர அடர்மஞ்சளும் ஆரஞ்சும் இறுதியில் செஞ்சிவப்பும். சிவப்பைக் கண்டு நிறைந்த கண், அடுத்து வரும் நீலத்தை மேலும் தெளிவாக உணரும் என்பது அவ்வமைப்பின் அடிப்படை. ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியாகப் புள்ளி வைத்தாற்போல் நடாமல், ஒன்றோடொன்று இழையும் நீண்ட திட்டுகளாக நட்டதும் அவர் முறை. 1895-இல் அவரைச் சென்று கண்ட அமெரிக்கத் தோட்டக் கலைஞர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட், ஜீக்கில் மறைந்த பின் அவருடைய நடவு வரைபடங்களை வாங்கிப் பாதுகாத்துக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். ஹாம்ப்ஷயரில் அப்டன் கிரே என்னும் ஊரில் சிதைந்துபோயிருந்த ஜீக்கிலின் தோட்டம், 1980-களில் அவ்வரைபடங்களின் படிகளைக் கொண்டே செடிக்குச் செடி திரும்ப நடப்பட்டது.

1927 இவ்வழக்கத்தின் திருப்புமுனை. மாவட்டச் செவிலியர் நலனுக்கு நிதி திரட்ட, தனியார் தோட்டங்களை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என்று எல்சி வாக் என்னும் பெண்மணி முன்வைத்த யோசனையின்படி, அவ்வாண்டில் 609 தோட்டங்கள் திறக்கப்பட்டு 8,191 பவுண்டு சேர்ந்தது. இன்று 3,000-க்கும் மேற்பட்ட தோட்டங்கள், மாளிகைப் பூங்கா முதல் வீட்டின் பின்புறச் சிறுநிலம் வரை, இத்திட்டத்தின் கீழ்த் திறக்கப்படுகின்றன. விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் ஹரல்ட் நிக்கல்சனும் கென்ட் மாவட்டத்தில் அமைத்த சிசிங்ஹர்ஸ்ட் தோட்டமும் 1938-இல் இவ்வாறே ஒரு ஷில்லிங்குக்குத் திறக்கப்பட்டது. வெள்ளைப் பூக்களையும் சாம்பல்நிற, பச்சை இலைகளையும் மட்டுமே கொண்டு 1950-ஐ ஒட்டி அங்கே நட்ட வெண்தோட்டம், வந்து கண்டவர்களின் குறிப்பேடுகள் வழியாக உலகின் பல வீட்டுத் தோட்டங்களுக்குப் பரவியது.

இவ்வரலாற்றின் ஒரு கிளை தமிழகத்தையும் தொட்டது. 1848-இல் உதகமண்டலத்துக்கு வந்து அங்குள்ள தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மெக்கைவர், கியூ தோட்டத்தில் பயின்றவர். சரிந்த புல்தரை, வளைந்த பாதை, தனித்து நின்று முழு வடிவம் காட்டும் அயல்நாட்டு மரம் என அப்பூங்காவில் காண்பவை இங்கே விவரித்த மரபின் வழித்தோன்றல்களே. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அங்கே சென்று படமெடுத்துத் திரும்புகிறார்கள். படம் ஒரு நாளின் தோற்றத்தைக் காட்டும். மரத்தின் பெயரையும், அதற்கும் அடுத்த மரத்துக்கும் உள்ள இடைவெளியையும், எந்த மாதத்தில் எது பூத்தது என்பதையும், அதைப் பேணுபவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுத்தே காக்கும். ஆகவே பூங்காவுக்குச் செல்வோர் ஒரு சிறு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். அங்கே உழைக்கும் தோட்டக்காரரிடம் கேட்டறிந்து எழுத வேண்டும். எழுதியதைத் தம் ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பத் திருத்தி நட்டுப் பார்க்க வேண்டும்.